தொப்பையனின் வயசு

"பதினாறு வருஷம். குறைந்தபட்சம்."

"போன செவ்வாய்க்கிழமை, முஸ்யே. நான்தான்..."

"அதிலிருந்து ஒரு நாளைக்கூட நான் குறைத்துக்கொள்ள மாட்டேன். வர்ணத்தில் ஓடும் அந்த வெடிப்பைப் பாருங்கள் ஜம்புநாதன், அது..."

"இஸ்திரிப் பெட்டி, முஸ்யே. ஃபாக்டரியில நீராவி இஸ்திரிக்குப் பக்கத்துல காய வெச்சேன், அதான் வெடிச்சு..."

"காலம்! காலத்தின் கைரேகை!"

"இஸ்திரிப் பெட்டி!"

"மதாம் வேதநாயகி, தலைவர் பேசும்போது உறுப்பினர் பேசக் கூடாது என்பது விதி நான்கு."

"நான்தானே முதல்ல பேசிக்கிட்டு இருந்தேன்?"

"அது விதி ஐந்து."

மொரீஷியஸின் மழை நகரமான கியூர்பிப்பில் அன்று மழை என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. வருஷம் 1987. துணிக்கடை ஒன்றின் மாடியில், கியூர்பிப் கற்பனைச் சிற்றுருவக் கழகத்தின் கூடத்தில், தலைவர் கோபாலசாமி ஒரு கட்டை விரல் உயரப் பூதத்தைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். கல்வி இலாகாவில் முப்பது வருஷம் படிவங்களைப் பார்த்து ஓய்வு பெற்றவர். பக்கத்தில் செயலாளர் ஜம்புநாதன், குறிப்பேட்டோடு. எதிரே வேதநாயகி, நனைந்த குடையோடு. கழகத்தில் எல்லோரும் பேசுவது தீவின் கிரியோல் மொழிதான்; ஐயாவுக்கு முஸ்யே, அம்மாவுக்கு மதாம். தலைவருக்குக் கோபம் வந்தால் மட்டும் பிரெஞ்சு வரும். தமிழ், கூட்டத்தின் தொடக்கத்தில் ஒரு தேவாரத்தோடு முடிந்துவிடும்.

கழகத்தின் வேலை இதுதான்: ஈயத்தை உருக்கிப் பூதம், பறக்கும் நாகம், மந்திரவாதி, குள்ளன் என்று குட்டி உருவங்கள் வார்ப்பது, வர்ணம் பூசுவது, பெரிய மேசை மேல் இரண்டு படையாக நிறுத்திப் பகடை உருட்டிச் சண்டை போடுவது. பெரியவர்களுக்கான கழகம். குழந்தைகளை உள்ளே விடுவதில்லை, சிரித்துவிடுவார்கள் என்று.

வேதநாயகி பக்கத்து ஊரான வக்குவாவில் ஸ்வெட்டர் ஃபாக்டரியில் இஸ்திரி போடுகிறவள். சனிக்கிழமை அரை நாள். ஒரு மணிக்குச் சங்கு ஊதியதும் அவளும் அதே வரிசையில் வேலை செய்யும் ஷான்தாலும் பஸ் பிடித்து இரண்டு மணிக்கு மேசைக்கு வந்துவிடுவார்கள். ஜன்னலோர முனை அவர்களுடையது. மூன்று வருஷமாக ஒரே சண்டை: மத்தி மீன் டப்பாவை வெட்டிச் செய்த பாலம், அதை யார் பிடிப்பது. ஷான்தாலின் படைக்கு ஒரு மந்திரவாதித் தளபதி உண்டு. வேதநாயகியின் பூதங்களுக்குத் தளபதி கிடையாது. மூன்று வருஷமாக அவள் தோற்றுக்கொண்டிருந்தாள். அதனால் ஒன்றுமில்லை. வாரத்தில் அந்த நாலு மணி நேரம்தான் "எத்தனை முடிஞ்சுது?" என்று அவளை யாரும் கேட்காத நேரம்.

ஆனாலும் ஒரு தடவையாவது ஜெயித்துப் பார்க்க வேண்டாமா? தூண்டில் ஈயக் குண்டு ஆறு உருக்கினாள். களிமண்ணில் அச்சு எடுத்தாள். காவடித் திருவிழாவுக்கு முன்னால் கோவிலுக்கு வர்ணம் அடித்தபோது மிஞ்சிய சிவப்பைப் பூசாரியிடம் கேட்டு வாங்கினாள். தொப்பை, பிதுங்கிய கண், எதையோ அறிவிக்கப்போவது போலத் திறந்த வாய். தொப்பையன் என்று பேர் வைத்தாள். சனிக்கிழமை பாலத்துக்கு முன்னால் நிறுத்தினாள். ஷான்தால் பார்த்தாள், கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"வேதா, இது யாருன்னு எனக்குத் தெரியும்."

"சும்மா இரு. பகடையை உருட்டு."

உருட்டவில்லை. அந்த வழியாக வந்த தலைவர் தொப்பையனைத் தூக்கினார். திரும்ப வைக்கவே இல்லை.

அகவை நிர்ணயக் குழு ஏற்கெனவே இருந்தது. கழகத்துக்கு ஒரு பொற்காலம் உண்டு. அது 1971 மார்ச்சில் தொடங்கி 1975 சூறாவளியில் கூரைத் தகரம் பறந்ததோடு முடிந்தது. அந்த நாலு வருஷத்தில் வார்த்த உருவங்களுக்குப் "புராதனம்" என்று சான்றிதழ். மற்றதெல்லாம் "பிற்காலம்". புராதனத்துக்கு அடையாளம் மூன்று: பெரிய தொப்பை, மாறுகண், வெடிப்பு. சோதனையும் மூன்று: பார்ப்பது, நகத்தால் சுரண்டுவது, முகர்வது. முகர்வது ஜம்புநாதன் பொறுப்பு.

அவர் தொப்பையனை மூக்குத் துவாரத்துக்குள் பாதி நுழைத்து இழுத்தார். கண்ணை மூடினார்.

"கற்பூரம்."

"கோவில்ல இருந்த டப்பா முஸ்யே, அதான்."

"இந்தச் சிவப்பு இப்போது தீவுக்கே வருவதில்லை," என்றார் தலைவர்.

"கோபுரம் பூரா அடிச்சிருக்கு. வந்து பாருங்க. கீழ்த் தட்டுல இன்னும் சரியாக் காயக்கூட இல்ல."

"கோவில் பழமையானது. ஆகவே அதன் வர்ணமும் பழமையானது. எழுதுங்கள் ஜம்புநாதன்."

எழுதினார். தொப்பையன் கண்ணாடிப் பெட்டிக்குள் போனான். தலைவர் கண்ணாடி மேல் வாயால் ஊதி, காலையிலிருந்து மூக்குத் துடைத்த கைக்குட்டையால் துடைத்தார். வாசகம் ஒட்டினார்கள்: "தளபதிப் பூதம். சுமார் 1971. கலைஞர் அறியப்படவில்லை."

"நாந்தான் இருக்கேனே," என்றாள் வேதநாயகி.

"நீங்கள் 1984இல் சேர்ந்தவர். 1971இல் நீங்கள் எப்படி இதைச் செய்திருக்க முடியும்? யோசித்துப் பேசுங்கள்."

அவள் யோசித்தாள். சாட்சி வேண்டும் என்று தோன்றியது. பொற்காலத்தில் கழகத்தைத் தொடங்கி முதல் பூதத்தை வார்த்தவர் ஐயாசாமி மாமா. கழகத்தின் சுவரில் அவர் படம் மாலையோடு தொங்குகிறது. ஆள் வக்குவா மார்க்கெட் வாசலில் பருப்பு வடை சுட்டுக்கொண்டிருக்கிறார். மாலையை எடுக்கச் சொல்லி இரண்டு தடவை கேட்டாராம். அது புராதன மாலை, எடுக்க முடியாது என்றுவிட்டார்களாம்.

ஞாயிற்றுக்கிழமை அவரைக் கையோடு கூட்டிவந்தாள். அவர் கண்ணாடிக்குள் குனிந்து பார்த்தார்.

"இது நாங்க செஞ்சதில்ல. இவ்வளவு நல்லா எங்களுக்கு வராது, தங்கச்சி."

"ஐயா, நினைவுபடுத்திப் பாருங்கள்," என்றார் தலைவர். "தொப்பை, மாறுகண்..."

"தொப்பை எப்படி வந்ததுன்னா, அச்சு நடுவுல வெடிச்சிடும். ஈயம் வழிஞ்சு அங்கதான் தேங்கும். மாறுகண்ணு, மெல்லிசான பிரஷ்ஷு இல்லாததால. ஒரே பிரஷ்ஷு, அதுலதான் கதவுக்கும் அடிச்சோம். நாங்க அழகான பூதம் பண்ணத்தான் பாத்தோம். வரல."

தலைவர் தொண்டையைச் செருமினார்.

"முதியவரின் நினைவு நவீனத்தால் கெட்டுவிட்டது. இதையும் எழுதுங்கள். முன்னோர்களின் கருத்தை முன்னோர்களிடம் கேட்பது இனி விதிக்குப் புறம்பு."

"அப்ப நான் போய் வடையைப் பாக்கறேன்," என்றார் ஐயாசாமி மாமா. போகும்போது சுவரில் தன் படத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

வேதநாயகிக்கு வேறு வழி தெரியவில்லை.

"முஸ்யே, இதைச் சொல்ல வேணாம்னுதான் இருந்தேன். அது உங்க முகம். போன வாரம் வருஷாந்தரக் கூட்டத்துல நீங்க ரெண்டு மணி நேரம் பேசினப்ப, பின்னால உக்காந்து உங்களைப் பாத்துத்தான் களிமண்ணைப் பிசைஞ்சேன். அந்த வாய் உங்க வாய். கண்ணும் உங்க கண்ணு. தொப்பையும்..."

ஷான்தால் ஜன்னல் பக்கம் திரும்பித் தோள் குலுங்க இருமினாள். ஜம்புநாதன் பெட்டியைப் பார்த்தார், தலைவரைப் பார்த்தார், குறிப்பேட்டை மிக நெருக்கமாகப் பார்த்தார்.

தலைவர் கண்ணாடிக்கு முன்னால் வந்து நின்றார். உள்ளே ஒரு வாய் திறந்திருந்தது. வெளியே ஒரு வாய் திறந்தது.

"அப்படியா," என்றார். குரல் இறங்கியிருந்தது. கண்ணில் நீர். "அப்படியென்றால் அந்த ஆதிக் கலைஞன் என்னை முன்கூட்டியே கண்டிருக்கிறான்."

இந்தச் செய்தி பரவியதும் கழகத்தில் வயசாக்கும் வேலை தொடங்கியது. உறுப்பினர்கள் தங்கள் பிற்கால உருவங்களைத் தேநீரில் வேகவைத்தார்கள். கோழிக்கூண்டுக்கு அடியில் புதைத்து மூன்று வாரம் கழித்துத் தோண்டினார்கள். புழுவோடு கொண்டுவந்தார்கள். புழு கூடுதல் ஆதாரமாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஒருவர் எதில் ஊறவைத்தார் என்று குழு கேட்கவில்லை. ஜம்புநாதன் முகர்ந்தார், மூக்கை அழுத்தித் துடைத்துக்கொண்டார், சான்றிதழ் கொடுத்தார்.

கழகத்தில் எதிர்க்கட்சியும் உண்டு, முன்னேற்ற அணி. அதன் தலைவன் க்ளோட், கடற்கரை ஹோட்டல்களுக்குக் குளிர்சாதனம் பொருத்துகிறவன். சிங்கப்பூரிலிருந்து பிளாஸ்டிக் பூதங்கள் வரவழைப்பான். சாம்பல் நிறம், விலா எலும்பு எண்ணலாம், ஒவ்வொன்றின் முகமும் வீட்டிலிருந்து தந்தி வந்தது போல இருக்கும். இவனாவது புதுசைப் புதுசு என்று சொல்வான் என்று வேதநாயகி அவனிடம் போனாள்.

"க்ளோட், நீ பழசை வெறுக்கிறவன்தானே? அது போன மாசம் செஞ்சதுன்னு கூட்டத்துல சொல்லேன்."

"முழங்கால் எங்கே, மதாம்?"

"யாருக்கு?"

"உங்க பூதத்துக்கு. அந்த எடையை எந்த முழங்கால் தாங்கும்? உயிரியல்படி இந்தப் பூதம் சாத்தியமே இல்ல."

"எந்தப் பூதம்தான் சாத்தியம்?"

"என்னோடது. பெட்டியிலேயே அளவு போட்டிருக்கு."

"சரி, முழங்கால் இல்ல. ஆனா புதுசுதானே?"

க்ளோட் அவளைப் பரிதாபமாகப் பார்த்தான். "நீங்க போன மாசம் செஞ்சிருக்கலாம். அதுக்காக அது புதுசாயிடுமா? புதுசுன்னா இப்படி இருக்கும்," என்று ஒரு சாம்பல் பூதத்தைக் காட்டினான். "உங்களோடது பிறக்கும்போதே பதினாறு வயசு."

ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு அணிக்கும் ஒத்துப்போனது. அடுத்த சனிக்கிழமை அவளும் ஷான்தாலும் இரண்டு மணிக்கு வந்தபோது ஜன்னலோரம் காலியாக இருந்தது. பெரிய மேசை கூடத்தின் நடுவுக்குப் போய்விட்டது. மேலே வெல்வெட், அதன் மேல் கண்ணாடிப் பெட்டி. மத்தி டப்பாப் பாலம் குப்பைக் கூடையில் கிடந்தது.

"விளையாட்டு உருவங்களைத் தேய்க்கிறது," என்றார் தலைவர்.

"விளையாட்டு பிற்போக்கு," என்றான் க்ளோட். "வெளிநாட்டுல இப்ப எல்லாரும் வெறும் காட்சிக்குத்தான் வெக்கிறாங்க."

"அப்ப பகடை?"

"பகடை பரிசீலனையில் உள்ளது," என்றார் ஜம்புநாதன்.

ஷான்தால் கூடையிலிருந்து பாலத்தை எடுத்துத் துடைத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். "வா வேதா, போலாம். எங்க வீட்டுச் சமையல் மேசையில ஆடுவோம்."

"உங்க வீட்டு மேசையில எட்டுப் பேர் சாப்பிடறாங்க. நாலு மணி நேரம் யார் விடுவாங்க? எங்க வீட்டுல உக்காந்தா உடனே எழுப்பிடுவாங்க. எனக்கு இந்த மேசை வேணும். இந்த ஜன்னல் வேணும்."

அதைத் தலைவர் கேட்டார். அவர் முகத்தில் கருணை பரவியது. இலாகாவில் இருந்தபோது மனுக்களை நிராகரிக்கும் முன்னால் அந்தக் கருணை வரும் என்று அவரோடு வேலை செய்தவர்கள் சொல்வார்கள்.

"மதாம், ஒரு சமரசம். வட கரையில் ஒரு பெரிய ஹோட்டல் நம் தளபதிப் பூதத்தைத் தங்கள் வரவேற்புக் கூடத்தில் வைக்க விரும்புகிறது. சுற்றுலாப் பயணிகளுக்கு நம் தொன்மை தெரிய வேண்டுமாம். ஆனால் யாரோ ஒரு பெண் அதைத் தான் செய்ததாகச் சொல்லித் திரிகிறாள் என்று கேள்விப்பட்டிருக்கிறார்கள். நீங்கள் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டால் பூதம் ஹோட்டலுக்குப் போகும். மேசை ஜன்னலுக்குத் திரும்பும்."

"சனிக்கிழமை ரெண்டு மணிக்கு?"

"உறுப்பினர் எவருக்கும், சனிக்கிழமை இரண்டு மணி முதல் ஆறு வரை."

"எழுதிக் குடுங்க."

ஜம்புநாதன் எழுதினார்: "உறுப்பினர்களுக்கு மேசை உண்டு." முத்திரையும் குத்தினார். அவள் அதை இரண்டு தடவை படித்துவிட்டு மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

பிறகு படிவம் வந்தது. தலைப்பு: "அறியப்படாத கலைஞர் உறுதிமொழி". மூன்று பிரதி.

"முதல் கேள்வி. அறியப்படாத கலைஞரின் முழுப் பெயர். பெரிய எழுத்தில்."

"வேதநாயகி."

"முகவரி?"

"உங்களுக்குத் தெரியுமே."

"தெரியாது. தெரிந்தால் படிவம் செல்லாது. நீங்களே எழுதுங்கள்." எழுதினாள். "அறியப்படாமல் இருக்கத் தொடங்கிய தேதி?"

"இன்னிக்கு என்ன தேதி?"

சொன்னார். எழுதினாள். கடைசிக் கட்டத்தில் பேனாவை நிறுத்தினாள்.

"இறந்த தேதின்னு ஒண்ணு இருக்கே."

"அதை விட்டுவிடுங்கள். அலுவலகம் நிரப்பிக்கொள்ளும்."

ஷான்தால் அவள் முழங்கையைப் பிடித்தாள். "போடாத, வேதா."

"மேசை வருது, ஷான்தால். எழுதிக் குடுத்துட்டாங்க. அவன் போனாப் போறான், இன்னொரு தொப்பையனைச் செஞ்சுக்குவேன்."

போட்டாள். மூன்று இடத்தில்.

இன்னொன்று செய்ய நேரம் கிடைக்கவில்லை. அந்த வாரமே ஃபாக்டரிக்கு அந்த ஹோட்டலிலிருந்து அவசர ஆர்டர். ஸ்வெட்டரை நிறுத்திவிட்டு டி-ஷர்ட். முதல் கட்டைப் பிரித்து இஸ்திரிப் பலகையில் விரித்தாள். நெஞ்சு முழுக்கத் தொப்பையன், கோவில் சிவப்பில், வெடிப்போடு, வாயைத் திறந்துகொண்டு. கீழே பிரெஞ்சில்: "மொரீஷியஸின் பழம்பெரும் பூதம். நகல் எடுப்பது குற்றம்."

அவள் அவன் தொப்பை மேல் இஸ்திரியை வைத்தாள். ஒரு நாளைக்கு அறுநூறு தொப்பை. மூன்றாம் நாள் மேற்பார்வையாளர் வந்து நின்றார்.

"ஏன் அதை அப்படி உத்துப் பாக்கறீங்க, மதாம்? டிசைனைப் பாத்து மனசுல வெச்சுக்கறது தப்பு. கான்ட்ராக்ட்ல இருக்கு."

"மனசுலேருந்துதான் வந்துது."

"என்னது?"

"ஒண்ணுமில்ல."

"எத்தனை முடிஞ்சுது?"

ஹோட்டல் விழா ஒரு சனிக்கிழமை, சரியாக இரண்டு மணிக்கு. கழகம் ஒரு வேன் அமர்த்தியது. வேதநாயகியும் ஷான்தாலும் கடைசி வரிசையில், சமையல்கட்டுக் கதவுக்குப் பக்கத்தில் உட்கார வைக்கப்பட்டார்கள். பொரித்த இறால் வாசனை வந்துகொண்டிருந்தது. முன் வரிசையில் தோல் உரிந்த வெள்ளைக்காரர்கள், எல்லோர் நெஞ்சிலும் தொப்பையன். ஹோட்டலின் அலங்கார அதிகாரி மதாம் ஜெனெவியேவ் திரையை விலக்கினாள். முத்துச் சிப்பி பதித்த மேடை, அதன் மேல் கண்ணாடிப் பெட்டி, உள்ளே மூன்று விளக்கு. க்ளோட் பொருத்திய குளிர்சாதனம் பெட்டிக்குள் மெல்ல ஊதியது, பூதத்துக்கு வேர்க்கக் கூடாது என்று. இப்போது க்ளோட்டும் மேடையில்தான். பழமையை நவீன முறையில் குளிர்விப்பதில் இரண்டு அணியும் இணைந்துவிட்டன.

தலைவர் எழுந்தார். முன்னால் ஒரு தட்டில் தேங்காய்க் கேக் இருந்தது. பேச்சு முழுவதும் அது வாய்க்குள் போவதும் சொற்களோடு கொஞ்சம் திரும்பி வருவதுமாக இருந்தது.

"நண்பர்களே, எங்கள் கழகம் எதையும் உருவாக்குவதில்லை என்பதில் எனக்குப் பெருமை. உருவாக்குவது எளிது. வக்குவாவில் ஆயிரக்கணக்கான பெண்கள் தினமும் ஏதாவது உருவாக்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அதைப் பழசு என்று சொல்லத்தான் ஆள் வேண்டும். அந்தக் கடினமான பணியை நாங்கள் செய்கிறோம்."

கைதட்டல்.

"இந்த முகத்தைப் பாருங்கள். எத்தனை கம்பீரம்! எத்தனை ஞானம்! இப்படி ஒரு முகம் இன்று எங்கே காணக் கிடைக்கிறது?" விளக்கு கூசாமலிருக்கத் தலையைக் கொஞ்சம் திருப்பிக் காட்டினார். முன் வரிசையில் ஒரு வெள்ளைக்காரப் பெண் பெட்டியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், புருஷனை இடித்தாள்.

"இதைப் படைத்த கை யாருடையது? அறியோம். தாராள மனம் கொண்ட அந்தக் கலைஞர் எந்த உரிமையும் கோராமல், எந்தப் பெயரும் விடாமல், 1975 சூறாவளியோடு மறைந்தார். அதற்கான ஆவணம் எங்கள் அலுவலகத்தில் மூன்று பிரதி இருக்கிறது."

"மறைந்தாரா?" என்றாள் வேதநாயகி, மெதுவாக.

ஷான்தால் முன் நாற்காலியில் இருந்த ஜம்புநாதனின் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தாள். "என்ன முஸ்யே இது?"

ஜம்புநாதன் திரும்பாமலே தாழ்ந்த குரலில் சொன்னார்: "கடைசிக் கட்டத்தை அலுவலகம் நிரப்பிவிட்டது. நடைமுறைதான். இறந்தவர் உறுப்பினராக இருக்க முடியாது என்பதால் பெயரும் பதிவேட்டிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. மற்றபடி எந்த மாற்றமும் இல்லை."

வேதநாயகி ரவிக்கைக்குள்ளிருந்து அந்தத் தாளை எடுத்தாள். இஸ்திரி வேலையின் வேர்வையில் மை கலங்கியிருந்தது. முத்திரை நன்றாகவே தெரிந்தது. "உறுப்பினர்களுக்கு மேசை உண்டு."

"அந்த அமரருக்காக," என்றார் தலைவர், உதட்டோரத் தேங்காயைத் துடைத்துக்கொண்டே, "அனைவரும் எழுந்து ஒரு நிமிடம் மௌனம் காக்கும்படி வேண்டுகிறேன்."

நாற்காலிகள் நகர்ந்தன. வெள்ளைக்காரர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். க்ளோட் தலை குனிந்தான். சமையல்கட்டில் யாரோ அடுப்பைக்கூடத் தணித்தார்கள். எல்லோரும் நிற்கும்போது உட்கார்ந்திருப்பது மரியாதையில்லை என்று வேதநாயகியும் எழுந்து நின்றாள், தாளைக் கையில் பிடித்துக்கொண்டு. குளிர்சாதனம் மட்டும் ஊதிக்கொண்டிருந்தது.

"முஸ்யே கோபாலசாமி, செத்தவளுக்குச் சனிக்கிழமை மேசை உண்டா, இல்லையா?"